உங்களுக்குத் தெரியுமா? – கல்முனை லைனும் கொழும்புக் கணக்கும்

◆ “லைன் இல்ல, கொஞ்சம் இருங்க காக்கா” என்று வங்கிக் கவுண்டரில் சொல்லக் கேட்காதவர் கல்முனைப் பக்கம் குறைவு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், உலகெங்கும் கிளை அலுவலகங்களைத் தலைமையகத்தோடு இணைத்தது பெரும்பாலும் ஃபிரேம் ரிலே என்னும் முறை. ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனங்களுக்கு விற்ற தரவுச் சேவைகளிலும் அது இருந்தது. கிளையிலிருந்து பக்கத்து டெலிகொம் சுவிட்ச் வரைக்கும் ஒரு லைன். அதற்கு அப்பால் எல்லாருடைய தரவும் ஒரே பெருவழியில் கலந்து போகும். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பாதை ஒதுக்கியது போல ஓர் இலக்கம் இருக்கும். இந்த இலக்கம் 10 பிட் நீளம், மொத்தம் 1,024. அவற்றுள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடியவை 16 முதல் 1007 வரை.

◆ அந்த இலக்கம் ஊருக்கு ஊர் மாறலாம் என்பது பலருக்குப் புதிய செய்தி. கல்முனை ரவுட்டரில் 101 என்று இருக்கும் அதே பாதை, கொழும்பு ரவுட்டரில் 230 என்று இருந்தாலும் பிழையில்லை. முறைப்பாடு கொடுக்கும்போது எந்தப் பக்கத்து இலக்கம் என்று சொல்லாவிட்டால், வேறொரு கிளையின் பாதையைச் சோதித்துவிட்டு “எல்லாம் சரியாக இருக்கு” என்று பதில் வர இடமுண்டு.

◆ 1990-இல் சிஸ்கோ, டிஜிட்டல் எக்விப்மென்ட், நோர்தேன் டெலிகொம், ஸ்ட்ராட்டாகொம் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி ஒரு விதி வகுத்தன. ரவுட்டர் 10 செக்கனுக்கு ஒரு தடவை சுவிட்சைக் கூப்பிட்டு “இருக்கிறாயா?” என்று கேட்கும், சுவிட்ச் பதில் சொல்லும். ஒவ்வோர் ஆறாவது தடவையும் கேள்வி பெரிதாகும்: “என்னிடம் உள்ள எல்லாப் பாதைகளின் நிலையும் என்ன?” வழக்கமான அமைப்பில், கடைசி நான்கில் மூன்று கேள்விகள் பதிலில்லாமல் போனால் லைன் விழுந்துவிட்டதாக ரவுட்டர் முடிவு கட்டும்.

இதில் ஒரு பெரிய பொறி உண்டு. இந்தக் கேள்வியும் பதிலும் கிளைக்கும் அதன் பக்கத்துச் சுவிட்சுக்கும் இடையில் மட்டுமே நடப்பவை. கொழும்புக்குப் போகும் வழியில் நடுவே எங்கோ ஃபிரேம்கள், அதாவது தரவுப் பொதிகள், தொலைந்துகொண்டிருந்தாலும் கல்முனையில் பச்சை விளக்கு எரியும். கொழும்பிலும் எரியும். இரண்டு முனையும் “லைன் நல்லா இருக்கு” என்று சொல்ல, கவுண்டரில் மட்டும் வேலை நடக்காது. முனைக்கு முனை உயிர்ச்சோதனை செய்யும் வசதியைச் சிஸ்கோ பிற்காலத்தில் சேர்த்தது இதனால்தான். அதை இயக்கிவிட்டால்தான் அந்த விளக்கை நம்பலாம்.

◆ ரவுட்டரிடம் பாதையின் நிலையைக் கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். ‘இயங்குகிறது’ என்றால் இரு முனைச் சுவிட்சுகளும் பாதையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ‘இயங்கவில்லை’ என்றால் நம் பக்கம் சரி, கோளாறு பெரும்பாலும் மறுமுனையில். ‘நீக்கப்பட்டது’ என்றால் அப்படி ஒரு பாதை இருப்பதே நம் சுவிட்சுக்குத் தெரியவில்லை. டெலிகொம் பக்கத்தில் பதிவு விடுபட்டிருக்கும், அல்லது இலக்கத்தை நாம் பிழையாக அடித்திருப்போம். இந்த மூன்றையும் தெரிந்த ஒருவர் கிளையில் இருந்தால் அரை நாள் தொலைபேசி அலைச்சல் மிச்சம்.

◆ ஃபிரேம் ரிலே தன் பிழையைத் தானே திருத்தாது. அதற்கு முந்திய எக்ஸ்.25 முறை ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்த்து, பழுதானதைத் திரும்ப அனுப்பச் சொல்லும், அதனாலேயே மெதுவானது. ஃபிரேம் ரிலேயில் பழுதான ஃபிரேம் சத்தமில்லாமல் வீசப்படும். அதைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்புவது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு. ஆகவே வழியில் நேரும் இழப்பை அறிய நேரடியான வழி, ஒரு முனை அனுப்பிய எண்ணிக்கையையும் மறுமுனை பெற்ற எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு முனையின் கணக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த இழப்பு முழுதாகத் தெரியாது.

◆ ஒப்பந்தத்தில் இரண்டு வேகங்கள் இருக்கும். 64 கிலோபிட் லைன் என்று பெயர். ஆனால் நிறுவனம் உத்தரவாதம் தருவது 32 கிலோபிட்டுக்கு மட்டுமாக இருக்கலாம். கல்முனையிலிருந்து கொழும்பு போகும் இரவு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பதிந்தவருக்கு இருக்கை உறுதி. மிச்சப் பேர் நின்றுகொண்டு வரலாம், நெரிசல் முற்றினால் முதலில் இறக்கப்படுவது அவர்கள்தான். உத்தரவாத வேகத்தை மீறும் ஒவ்வொரு ஃபிரேமிலும் “தேவைப்பட்டால் இதை வீசலாம்” என்று ஒரு பிட் குறி போடப்படும். உத்தரவாதம் பூச்சியம் என்று மலிவு விலைக்கு விற்ற நிறுவனங்களும் வெளிநாடுகளில் இருந்தன. அங்கே குறியில்லாத ஃபிரேம் ஒன்றுகூட இருக்காது.

◆ நெரிசலைச் சொல்ல இன்னும் இரண்டு பிட்கள் உண்டு. ஒன்று, நெரிசல் வழியாக வந்த ஃபிரேமில் ஏறி, போய்ச் சேரும் இடத்துக்குச் செய்தி சொல்லும். மற்றது, எதிர்த்திசையில் திரும்பும் ஃபிரேமில் ஏறி, அனுப்பியவருக்குச் செய்தி சொல்லும். கல்முனை ரவுட்டரில் முதல் வகை எண்ணிக்கை கூடினால் கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் திசையில் நெரிசல். இரண்டாம் வகை கூடினால் ஊரிலிருந்து போகும் திசையில் நெரிசல். பகலில் முதலாவதும், நாள் முடிவுக் கணக்கு அனுப்பும் மாலையில் இரண்டாவதும் கூடினால் அது இயல்பு. இரண்டும் நாள் முழுக்கக் கூடினால் வாங்கிய வேகம் போதாது.

◆ இலங்கையின் கடிகாரம் 1996-இல் இரண்டு முறையும் 2006-இல் ஒரு முறையும் மாறியது. 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே போனோம், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தோம், 2006 ஏப்ரல் 15 அதிகாலையில் மிச்ச அரை மணித்தியாலமும் பின்னே வந்து, உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தப் பத்தாண்டில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்ததால் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று கேட்டுத்தான் சந்திப்புகள் குறிக்கப்பட்டன.

லைன் கணக்கு வைப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. இரு முனைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரு கடிகாரங்களும் ஒன்றாக ஓட வேண்டும். உள்ளூர் நேரத்தில் பதிவு வைத்திருந்தவர்களுக்கு 2006 ஏப்ரல் 15-இல் நள்ளிரவுக்குப் பிந்திய முதல் அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. அந்த நேரத்துப் பதிவுகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரிக்க முடியாது. உலகப் பொது நேரத்தில் பதிவு வைத்துவிட்டு, படிக்கும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

◆ ரவுட்டர்களிடம் தூரத்திலிருந்தே எண்ணிக்கை கேட்கும் எஸ்.என்.எம்.பி. முறை 1990-இல் தரப்படுத்தப்பட்டது. ஃபிரேம் ரிலேக்கென்று கேள்விப் பட்டியல் 1992-இல் வந்தது, 1997-இல் திருத்தப்பட்டது. 1990-களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்தபோது டோபியாஸ் ஓட்டிக்கர் என்ற சுவிஸ் நாட்டவர், தம் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டுமென ஒரு சின்ன நிரலை எழுதினார். அதுதான் எம்.ஆர்.டி.ஜி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கையைக் கேட்டு, பச்சையும் நீலமுமாக வரைந்து காட்டும். இலவசம். ஒரு பழைய கணினி போதும். கிளையில் ஒரு மூலையில் இது ஓடியிருந்தால் கொழும்பு சொல்வதை மட்டும் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

◆ சராசரி எப்படி ஏமாற்றும் என்று ஒரு கணக்கு. காலை 9 முதல் மாலை 3 வரை 6 மணித்தியாலம் வேலை செய்யும் கிளை; மாதத்தில் 22 வேலை நாள். மொத்தம் 132 மணித்தியாலம். 30 நாள் மாதத்தில் 720 மணித்தியாலங்கள் உண்டு. வேலை நேரம் முழுக்க ஒரு செக்கன்கூட இடைவெளியில்லாமல் லைன் நிரம்பி வழிந்தாலும், மாதச் சராசரி 18 சதவீதத்தைத்தான் காட்டும். “உங்கள் லைன் 18 சதவீதம்தான் பாவிக்கப்படுது, வேகம் கூட்டத் தேவையில்லை” என்று ஓர் அறிக்கை வந்தால், அதை எழுதியவர் நள்ளிரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து வகுத்திருக்கிறார்.

ஐந்து நிமிடச் சராசரியும் இதே வேலையைச் செய்யும். ஒரு நிமிடம் லைன் முழுக்க அடைபட்டு, அடுத்த நான்கு நிமிடம் சும்மா இருந்தால் வரைபடத்தில் 20 சதவீதம். எம்.ஆர்.டி.ஜி.யின் வருட வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு முழு நாளின் சராசரி. போன வருடத்து நெரிசலை அங்கே தேடினால் மேடே தெரியாது, எல்லாம் சமதரை.

◆ 95-ஆம் சதமானம் என்று இன்னொரு எண்ணைக் காட்டுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் 30 நாளில் 8,640 அளவீடுகள். அவற்றில் மிக உயர்ந்த 5 சதவீதத்தை, அதாவது 432 அளவீடுகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பெரியதைச் சொல்வது இந்த முறை. ஒதுக்கப்படும் நேரம் 36 மணித்தியாலம். பில் போட இது நியாயமான வழி. சேவைத் தரத்தை இதனால் அளந்தால், நம் 132 மணித்தியால வேலை நேரத்தில் 36-ஐக் கண்ணில் படாமல் மறைத்துவிடலாம்.

◆ போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவது கொழும்பு அறிக்கைகளின் வழக்கம். நம் கரையோரத்துக்கு அது பொருந்தாது. நோன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்தி வருகிறது. 2000-இல் ரமழானின் பெரும்பகுதி டிசம்பரில். 2006-இல் செப்டெம்பர் கடைசியிலேயே தலைநோன்பு வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, கடைவீதியின் நேரமே மாறும், பெருநாளுக்கு முந்திய நாட்களில் பணம் எடுக்கக் கூட்டம். மருதமுனை நெசவுக்காரருக்கும் சாய்ந்தமருது வியாபாரிக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கிளைகளின் கணக்கை ஹிஜ்ரி மாதத்தோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு “மதியம் லைன் விழுந்தது” என்று பதிபவருக்கும் இதையே சொல்லலாம்.

◆ 32 பிட் எண்ணிக்கைமானி 4,294,967,295 வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் பூச்சியத்துக்கு வரும். முழு வேகத்தில் ஓடும் 64 கிலோபிட் லைனில் பைட்களை எண்ணினால் இதற்கு 6 நாளுக்கு மேல் ஆகும். 2 மெகாபிட்டில் ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைவு. 100 மெகாபிட்டில் 6 நிமிடம்கூட இல்லை. கிகாபிட்டில் 35 செக்கனுக்குள். பழைய கணக்கு முறையை அப்படியே ஃபைபருக்குக் கொண்டு போனவர்களின் வரைபடங்கள் உளறியது இதனால்தான். புதிய லைனுக்கு 64 பிட் எண்ணிக்கைமானியைக் கேளுங்கள்.

◆ கரண்ட் போனதா, லைன் போனதா? கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: பதில் இல்லை. பிறகு சண்டை வரும். சேவை நிறுவனம் “உங்கள் பக்கம் மின்வெட்டு” என்று சொல்லி அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து கழிக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதற்கு இடம் தருகின்றன. சாட்சி ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டர் கடைசியாக எழும்பியதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று செக்கனின் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருக்கும். தொடர்பு திரும்பியதும் அந்த எண்ணைப் பாருங்கள். சிறிதாக இருந்தால் மின்சாரம் போயிருக்கிறது. பெரிதாகவே தொடர்ந்தால் ரவுட்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தது, விழுந்தது லைன். இந்த எண்ணும் 497 நாளில் ஒருமுறை பூச்சியமாகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், இந்த ஓர் எண்ணைக் குறித்து வைத்திருந்த கிளையால்தான் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்க முடியும்.

◆ கடற்காற்றின் உப்பு செம்புக் கம்பியின் மூட்டுகளை அரிக்கும். வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் மூட்டுக்குள் தண்ணீர் போகும். ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் இருக்கிறது. அது பொருந்தாத ஃபிரேம்களை ரவுட்டர் தனியாக எண்ணி வைக்கும். அந்த எண்ணிக்கையை மழை பெய்த நாட்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரவுட்டரை மாற்றுவதா, கம்பியை மாற்றுவதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

◆ 1,500 பைட் பொதி ஒன்றை 64 கிலோபிட் லைனில் ஏற்றி முடிக்கவே 187 மில்லி செக்கன் ஆகும். 2 மெகாபிட்டில் 6 மில்லி செக்கன். கொழும்பிலிருந்து ஏ4 வீதி மட்டக்களப்பு வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தையும் ஃபைபரில் ஒளி 2 மில்லி செக்கனில் கடந்துவிடும். ஆக, கல்முனை தூரத்து ஊர் என்பதால் லைன் மெதுவானது என்ற பேச்சில் உண்மையில்லை. மெதுவாக்கியது தூரமல்ல, வாங்கிக் கொடுத்த வேகம்.

செய்மதி வேறு கதை. 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகக் கேட்டுப் பதில் பெற அரைச் செக்கன் ஆகும். எவ்வளவு காசு கொடுத்தாலும் அதைக் குறைக்க முடியாது. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் அங்கே இல்லை.

◆ 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங் நிரல் இன்றும் முதல் சோதனை. ஆனால் விண்டோஸில் சும்மா பிங் அடித்தால் போவது 32 பைட் மட்டும். சின்னப் பொதி பெரும்பாலும் எந்த நெருக்கடியிலும் நுழைந்து போய்விடும். 1,400 பைட்டிலும் அடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கவுண்டரில் நிற்பவரின் காத்திருப்பு.

◆ பெரிய நாடுகளிலும் விழுந்திருக்கிறது. 1998 ஏப்ரல் 13-இல் அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி. ஃபிரேம் ரிலே வலையமைப்பு, ஒரு சுவிட்சில் செய்த மென்பொருள் மாற்றத்திலிருந்து பிழை பரவி, ஏறத்தாழ 26 மணித்தியாலம் முடங்கியது. காரணம் கண்டு சரிசெய்யும் வரை வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. 1999 ஓகஸ்டில் எம்.சி.ஐ. வேர்ல்ட்கொம் வலையமைப்பு பத்து நாளளவு தடுமாறியபோது, சிக்காகோவின் தானியச் சந்தையான போர்ட் ஒஃப் ட்ரேடின் மின்னணு வர்த்தகமும் சேர்ந்து பாதிக்கப்பட்டது. நெல் விளையும் மாவட்டத்துக்காரருக்கு அந்தச் செய்தியின் கனம் புரியும். 2004 ஓகஸ்டில் கொழும்புக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுக்க, நாடே வெளியுலகத் தொடர்பில் திண்டாடியதும் இதே வரிசைதான்.

◆ 2004 டிசம்பர் 26, ஞாயிறும் போயாவும் சேர்ந்த நாள். ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000-க்கும் மேல். அத்தனை மனிதர்கள் போன இடத்தில் லைன் கணக்கைப் பற்றிப் பேசுவது தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தேட வந்தவர்களுக்கும் நிவாரணம் கொண்டுவந்தவர்களுக்கும் முதலில் தேவைப்பட்டவற்றுள் தொடர்பும் ஒன்று. ரவுட்டர் தன் நிகழ்வுக் குறிப்பைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும். ஆகவே அந்தக் குறிப்புக்குக் கிளையில் ஒரு பிரதி, கரையிலிருந்து தள்ளி, சம்மாந்துறையிலோ அம்பாறை நகரிலோ இன்னொரு பிரதி வேண்டும். இதற்கு ஆகும் செலவு அற்பம்.

◆ ஃபிரேம் ரிலே இன்று எங்கும் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. 2013-இல் இலங்கைக்கு 4ஜி வந்தது. ஃபைபர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் வேகச் சோதனை போட்டுப் பார்க்கிறோம். அந்தச் சோதனை வழக்கமாக அருகிலுள்ள சர்வரை, பல வேளைகளில் சேவை நிறுவனத்தின் சொந்தச் சர்வரையே, தேர்ந்தெடுக்கும். பக்கத்துச் சுவிட்ச் வரைக்கும் மட்டும் கேட்ட அந்தப் பழைய 10 செக்கன் கேள்வியின் குறையே இங்கேயும் இருக்கிறது. நீங்கள் நிஜமாகப் பாவிக்கும் சர்வருக்கு, நிஜமாகப் பாவிக்கும் நேரத்தில் அளந்தால்தான் அது உங்கள் அளவு.

◆ மாதத்துக்கு 99.5 சதவீதம் என்று உத்தரவாதம் தந்தால், 3 மணித்தியாலம் 36 நிமிடம் லைன் இல்லாமல் போவதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதையே வருடத்துக்கு என்று எழுதியிருந்தால் ஏறத்தாழ 44 மணித்தியாலம். எல்லாம் ஒரே வாரத்தில் வந்தாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது.

◆ சேவைத் தரத்தை எப்படி வரையறுப்பது என்று ஃபிரேம் ரிலே மன்றம் 1998-இல் ஓர் உடன்பாடு வெளியிட்டது. அளக்க வேண்டியவை நான்கு: தாமதம், ஃபிரேம்கள் போய்ச் சேர்ந்த விகிதம், தரவு போய்ச் சேர்ந்த விகிதம், சேவை இருந்த நேரம். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்கிறது அது. தொழில்நுட்பம் போனாலும் அந்தப் பட்டியல் இன்றைய ஃபைபருக்கும் அப்படியே செல்லும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் கிளை முகாமையாளரோ, பாடசாலை அதிபரோ, ஆஸ்பத்திரி நிர்வாகியோ சேர்க்கச் சொல்ல வேண்டிய வரி இது: “அளவீடு, கல்முனைக் கிளையின் ரவுட்டருக்கும் கொழும்பு ரவுட்டருக்கும் இடையில், இரு திசையிலும், வேலை நேரத்தில் எடுக்கப்படும், அதன் மூலப் பதிவு இரு தரப்பிடமும் இருக்கும்.”